கதவு மூடுகிற வரைக்கும்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. காலை மடக்கியோ நீட்டியோ, எது சுகமோ அப்படி இருங்கள். ஒரு பெண்பிள்ளை, அவள் வீட்டுக்காரர், ஒரு லிப்ட் கதவு, அவ்வளவுதான் இதில். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துவிடுங்கள், மிச்சம் வைக்காதீர்கள். பிற்பாடு அதற்கு இடம் இருக்காது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷம் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்தவள். கண்ணாடிக்கு நடுவில் அரைவட்டமாக ஒரு துளை. அதற்குள் வருகிற கைகளைத்தான் அவளுக்குத் தெரியும். மோதிரக் கை, சிமெண்டு காய்ந்த கை, கூட வந்தவளின் விரலை விடாமல் நீளுகிற கை. முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும்போது யார் குனிவது? ஒருநாள் கொட்டகையை இடித்து வண்டி நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். அவளும் வீட்டோடு இருந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கூடப் பிறந்த அக்காளைத் தவிர எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். அவளை அவர் கூப்பிடுவது 'டிக்கெட்' என்று. "டிரைவர் இருக்கேன், டிக்கெட் இருக்க. நமக்குக் கண்டக்டர்தான் பொறக்கல" என்பார். பிள்ளையில்லாத குறையைக்கூட இப்படிச் சிரிப்பாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிற மனுஷன்.

அந்த மனுஷனுக்கு ஒரு மழைநாளில், பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்தது. வண்டியை நிறுத்தத்துக்கு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்து, முப்பத்தாறு பேரையும் இறக்கிவிட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்தார். இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, திறந்துதான் சரிசெய்ய வேண்டும், இனி வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து மூன்றாவது மாடியில் அந்த இரண்டு அறை வீட்டில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். யாராவது குறுக்கே ஓடினால் அவர் வலது கால் தரையை அழுத்தும். இல்லாத பிரேக்கை.

ஆக, அவள் வேலை தேட வேண்டியதாயிற்று.

கிடைத்தது ஜப்பான்காரர்கள் நடத்துகிற ஒரு கம்பெனி. கதவுக் கீல்கள் செய்கிறவர்கள். ஆறாவது மாடியில் அலுவலகம். வருகிறவர்களை வரவேற்று, உட்கார வைத்து, டீ கொடுத்து, வழியனுப்புகிற வேலை. நேர்முகத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்கச் சொன்னபோது, பழக்கதோஷம், கண்ணாடித் துளைக்குள் தள்ளுவதுபோல மேஜைமேல் இரண்டு விரலால் தள்ளினாள். எதிரே இருந்த ஜப்பான் மேலாளர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. அந்தக் காகிதத்தில் ஒரு வரி மட்டும் பொய். 'கணவர் உடல்நிலை' என்ற இடத்தில் 'நலம்' என்று எழுதியிருந்தாள். நோயாளி வீட்டுக்காரி அடிக்கடி லீவு கேட்பாள் என்று கழித்துவிடுவார்களோ என்ற பயம். தொண்ணூறு நாள் பயிற்சி. தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வீடு.

பயிற்சி கொடுத்தது இருபத்தாறு வயதுப் பெண். பள்ளிக்கூடக் கரும்பலகையில் வைக்கிற மாதிரி ஒரு பெரிய மரப் பாகைமானியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிவாள். குனிகிறவர்கள் முதுகை அளப்பதற்கு. அதனால் அவளுக்குப் பாகைமானி என்றே பெயர், முதுகுக்குப் பின்னால்.

"அக்கா, இங்க யாரையும் அக்கான்னு கூப்பிடக் கூடாது. பேரோட 'சான்' சேர்த்துக் கூப்பிடணும். உங்களை மட்டும் வாய் தவறி அக்கான்னுடறேன். மேலே சொல்லிடாதீங்க" என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"சொல்ல மாட்டேம்மா."

"அம்மாவும் கிடையாது."

அப்புறம் விதிகள். ஒருவர் தன் பெயரட்டையைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கியதும் படிக்க வேண்டும். அதன்மேல் எழுதக்கூடாது, பின்பாக்கெட்டில் வைத்து அதன்மேல் உட்காரக்கூடாது. "அட்டைன்னு நினைக்காதீங்கக்கா, அது அவங்க மூஞ்சி." போன் மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும். தாண்டிவிட்டால், காத்திருக்க வைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாசலுக்குத் தூரமான நாற்காலி விருந்தாளிக்கு, வாசல் பக்கத்து நாற்காலி நமக்கு. டீக் கோப்பையின் பூப்போட்ட பக்கம் அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். வழியில் பார்த்தால் பதினைந்து பாகை குனிவு, வரவேற்க முப்பது, மன்னிப்புக்கும் வழியனுப்புவதற்கும் நாற்பத்தைந்து.

சுவரில் மூன்றே வார்த்தை ஒட்டியிருந்தது: சொல், தெரிவி, கேள்.

"எதுவானாலும் மேலே இருக்கறவங்ககிட்ட சொல்லிடணும். அதுலயும் கெட்ட செய்தின்னா முதல்ல சொல்லணும். நல்ல செய்தி மெதுவா நடந்து வரட்டும்" என்றாள் பாகைமானி.

'நலம்' என்று எழுதியவளுக்கு அதைச் சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

கடைசியாக லிப்ட். விருந்தாளியை லிப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். அவர்கள் உள்ளே போய்த் திரும்பியதும் குனிய வேண்டும்.

"கதவு மூடுற வரைக்கும் நிமிரக்கூடாது. பாதி மூடினதும் நிமிர்ந்து பார்த்தீங்கன்னா, 'போயாச்சா, தொல்லை விட்டுச்சு'ன்னு அர்த்தம் ஆயிடும். முழுசா மூடி, சத்தம் அடங்கினப்புறம்தான் தலை."

"நான் குனிஞ்சிருந்தா மூடினது எப்படித் தெரியும்?"

"காது எதுக்கு இருக்கு?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டிரைவர் கேட்பார், "இன்னிக்கு என்ன பாடம்?" என்று. அவள் குடையை மடக்கி, ஈரச் செருப்பைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். எல்லோருக்கும் 'சான்' போட வேண்டும் என்றதும் அவர் துள்ளிவிட்டார்.

"டிக்கெட் சான்! அடடே. எறும்பும் தன் கையால எண்சாணாம். நீ ஒரு சான். போதும் எனக்கு."

லிப்ட் பாடத்துக்கு லிப்டுக்கு எங்கே போவது? முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு இரட்டைக் கதவு உண்டு, முன்னறைப் பக்கமாகத் திறப்பது. இரண்டு கைப்பிடியிலும் துணி காயப்போடுகிற கயிற்றைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர்தான் விருந்தாளி. கயிற்றை இழுத்தால் இரண்டு கதவும் மெல்ல வந்து சேரும்.

"டிங். ஆறாவது மாடி. நான் ஒரு பெரிய ஆபீசர். கீலு வாங்க வந்து, விலை படியாம கிளம்புறேன். அனுப்பி வை."

அவள் குனிந்தாள். கதவு கிறீச்சிட்டுக்கொண்டே மூடியது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏழு மார்க்."

"ஏன் ஏழு?"

"முதுகு குனிஞ்சுச்சு, கண்ணு குனியல. கள்ள டிக்கெட் விக்கிறவ மாதிரி மேல பார்த்தே. அப்புறம் இன்னொண்ணு. உன் உச்சந்தலை நல்லா நரைச்சிருச்சுடி. இத்தனை நாள் தெரியவே இல்ல எனக்கு."

"நீங்களும் குனியணும். உள்ள நிக்கிறவங்களும் பதிலுக்குக் குனிவாங்களாம். ரெண்டு பக்கமும் குனிஞ்சாத்தான் வழியனுப்பினது முழுசாகுமாம்."

"நானா?" கதவு மறுபடி திறந்தது. கயிறும் கையுமாக அவர் உட்கார்ந்திருந்த அழகைப் பார்க்க வேண்டும். "எங்கப்பன் பெல்ட்டை உருவினப்பவே குனியாதவன் நான். டிப்போ மேனேஜர் முன்னாடி குனியல, அதுக்குத்தான் பதினெட்டு வருஷமா அந்த ஓட்டை பஸ்ஸையே தலையில கட்டினான். கட்டின பொண்டாட்டிக்குக் குனியணுமாக்கும்! போடி."

டிரைவரின் அக்காள், அவளுக்கு நாத்தனார், ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நீராவி பட்டுப் பட்டு முழங்கை வரைக்கும் தோல் பளபளவென்றிருக்கும். தினம் வேலை விட்டுத் தம்பியைப் பார்க்க மூன்று மாடி ஏறி வருவாள். மூச்சு வாங்கினாலும் வாய் ஓயாது.

"என்னடி இது, கதவுக்குக் கும்பிடு போடுற? வேலைக்குப் போறியா, வேண்டுதலா?"

"பயிற்சி அண்ணி."

"நல்ல பயிற்சி. இந்த வீட்ல ஒண்ணு கதவை இழுக்குது, ஒண்ணு கதவுக்குக் குனியுது. நடுவுல நான் வந்து மாட்டிக்கிட்டேன். டேய் தம்பி, சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன். உப்பில்லாத சூப்பு, உப்பில்லாத சோறு, உப்பில்லாத முட்டை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. உப்பில்லாத டிரைவரை எங்கக்கா போடுவாங்க?"

"வாயைக் கழுவுடா." தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைப்பாள். உப்புக்குப் பதில் புளிப்பாவது இருக்கட்டும் என்று தினம் ஒரு பழம்.

நாட்கள் இப்படிப் போயின. ஏழு மார்க் எட்டாயிற்று. எட்டைத் தாண்டவே இல்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பயிற்சியின் எட்டாவது வாரம், வியாழக்கிழமை. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அலுவலகத்தில் அவள் வாய் திறக்கவில்லை. சுவரில் அந்த மூன்று வார்த்தையைத் தாண்டித்தான் தினமும் டீத் தட்டை எடுத்துப் போவாள். தலையைத் திருப்பிக்கொள்வாள். புதன்கிழமை மத்தியானம், இனிப் பொறுத்தால் விடிந்துவிடும் என்றான பிறகு, பாகைமானியிடம் போய் நின்றாள்.

"நாளைக்கு லீவு வேணும்மா. அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தாள். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா இதை உள்ள வச்சுக்கிட்டா கோப்பையோட பூவை நேரா வச்சீங்க? என்னக்கா நீங்க! வாங்க, இப்பவே சார்கிட்ட சொல்லணும்."

மேலாளர் நின்றபடியே கேட்டார். பாகைமானி அவர் மொழியில் எடுத்துச் சொன்னாள். 'நலம்' என்று எழுதிய பொய்யையும் சொல்லிவிடும்மா என்று இவள் கேட்டுக்கொள்ள, அதையும் அந்தப் பெண் சொன்னாள்.  அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை பத்துப் பதினைந்து இருக்கும். அதில் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"பயமா?"

அவள் தலையாட்டினாள்.

குடைத் தாங்கியிலிருந்து அவள் குடையை அவரே எடுத்துக் கொடுத்தார். லிப்ட் வரைக்கும் கூடவே நடந்தார். பொத்தானை அவரே அழுத்தினார். அவள் உள்ளே போய்த் திரும்பினால், அந்தப் பெரிய மனுஷர் இரண்டு கையையும் தொடையோரம் வைத்து, நாற்பத்தைந்துக்கும் கீழே குனிந்து நிற்கிறார். சீப்பு போன வரிகளும், நடுவில் ரூபாய் அளவு வழுக்கையும் தெரிந்தன. கதவு மூடுகிற வரைக்கும் அந்தத் தலை அசையவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். "அவர் உச்சந்தலைதாங்க தெரிஞ்சுச்சு. மனசு என்னமோ பண்ணிடுச்சு."

டிரைவர் சிரிக்கவில்லை. "நீ பதிலுக்குக் குனிஞ்சியா?"

"மறந்துட்டேன். கையில குடை, பை..."

"அடிப்பாவி. ஒரு பெரிய மனுஷன் உனக்காகக் குனியறப்ப மரம் மாதிரியா நின்னுட்டு வந்த? தப்பில்ல அது?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், தனக்குள் சொல்வதுபோல, "தப்புதான்" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவருடைய படுக்கை. ஆபரேஷன் அறை ஐந்தாவது மாடியில். நாத்தனாரை ஏதோ தாளில் கையெழுத்துப் போடக் கீழே கூப்பிட்டிருந்தார்கள். அவள் திரும்பி வருவதற்குள் கட்டில் தள்ளுகிறவர் வந்துவிட்டார். நாள் முழுக்க லிப்டில் ஏறி இறங்குகிற ஆள். நர்சுகள் அவரை 'மேலகீழ' என்றே கூப்பிடுவார்கள்.

"அக்கா வந்துரட்டுமேப்பா" என்றார் டிரைவர்.

"மேல காத்துக்கிட்டிருக்காங்க ஐயா. நேரமாச்சுன்னா என்னைத்தான் திட்டுவாங்க."

கட்டில் உருண்டது. ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. அவள் கட்டிலோரத்துக் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். லிப்ட் வாசலில் மேலகீழ சொன்னார், "இதுக்கு மேல வர முடியாதும்மா. கூட வந்தவங்க இங்கயே நிக்கணும்."

"சரி டிக்கெட். விருந்தாளி கிளம்புறேன்" என்றார் டிரைவர். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் சுற்றிவிட்டிருந்த பட்டையை நீட்டினார், மறு கையால் தாங்கி, முறைப்படி. "என் அட்டை. ரெண்டு கையாலயும் வாங்கு."

அவள் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். படித்தாள். வயது, ரத்த வகை, படுக்கை எண்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"பின்பாக்கெட்டுல வச்சுராதே."

மேலகீழ வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கட்டிலை உள்ளே தள்ளினார். தலைப் பக்கம் முதலில் உள்ளே போக, டிரைவரின் முகம் வாசலைப் பார்க்க நிறுத்தினார். டிங் என்றது.

கண்ணுகளா, குனிய வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. கையை ஆட்டலாமா, ஏதாவது சொல்லலாமா என்றுதான் மனசு தேடிக்கொண்டிருந்தது. எட்டு வாரமாகத் தினம் பத்துத் தடவை குனிந்த முதுகு, லிப்ட் மணியைக் கேட்டதும் தானாகக் குனிந்துவிட்டது. குனிந்த பிறகு நிமிர முடியவில்லை. கதவு மூடுகிற வரைக்கும் நிமிரக்கூடாது. நிமிர்ந்தால் தொல்லை விட்டது என்று அர்த்தமாகிவிடும். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தரையில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஓடிய கறுப்புக் கோடு மட்டும். உள்ளே துணி சரசரத்தது. "அட, படுங்க ஐயா" என்று மேலகீழயின் குரல் கேட்டது. அப்போதும் அவள் நிமிரவில்லை. கதவு உரசிக்கொண்டு வந்து சேர்ந்தது. சத்தம் அடங்கியது.

நிமிர்ந்தாள். எவர்சில்வர் கதவு. அதில் கலங்கலாக அவள் உருவம்.

மற்றதை நான் நீட்ட மாட்டேன். சாயங்காலம் நாலரை மணிக்கு டாக்டர் வந்தார். அவர் லிப்டில் வரவில்லை. படியில், ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அதைப் பார்த்ததுமே நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது.

எல்லாம் முடிந்த மூன்றாம் நாள், நாத்தனார் முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரட்டைக் கதவில் கயிறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை.

"நான் கையெழுத்துப் போடப் போகாம இருந்திருக்கலாம். ரெண்டு நிமிஷம். அவனை ரெண்டு நிமிஷத்துல தவற விட்டுட்டேன். நீயாவது இருந்தியே. கடைசியா மூஞ்சி எப்படிடி இருந்துச்சு அவனுக்கு? பயந்திருந்தானா?"

என்ன சொல்லுவாள்? பக்கத்தில்தான் நின்றேன் அண்ணி, ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா?

"சிரிச்சாரு அண்ணி. கதவு மூடுற வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு."

"சிரிச்சானா! அவன் சிரிப்பான். எமன் வந்தாலும் எந்த ரூட்டுன்னு கேக்கிற பய." நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று மூன்று நாளைக்குப் பிறகு ஒரு கவளம் சாப்பிட்டாள். இவளுக்குத்தான் அந்தச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். கோப்பையைச் சரியாக வைத்தாள், போனைச் சரியாக எடுத்தாள். லிப்ட் வாசலில்தான் தகராறு. குனியப் போவாள், முதுகு பாதியில் நின்றுவிடும். கதவு மூடுகிற வரைக்கும் உள்ளே இருப்பவரின் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். யாரென்றே தெரியாத திருகாணி வியாபாரி, ரப்பர் வியாபாரி, எல்லோர் முகத்தையும், இனிமேல் பார்க்கவே முடியாது என்பதுபோல. ஒரு விருந்தாளி கீழே போனதும் மேலாளருக்குப் போன் செய்து, "என் முகத்தில் ஏதாவது ஒட்டியிருந்ததா?" என்று கேட்டே விட்டார்.

இப்படியே இரண்டு வாரம் போக, பயிற்சி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. பாகைமானி அவளை டீ போடுகிற அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா தாள்ல நான் மார்க் போட்டாகணும். வழியனுப்பறதுக்கு முட்டை போட்டா வேலையே போயிடும். ஒரு நிமிஷம் குனியறதுல என்னக்கா?"

"குனிய முடியலம்மா."

"முதுகு வலியா?"

"இல்லம்மா." கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள். "அவரைக் கொண்டுபோறப்ப நான் குனிஞ்சுட்டேன். மூடுற வரைக்கும் நிமிரவே இல்ல. நீ சொல்லிக்கொடுத்தபடி, சுத்தமா. அவர் மூஞ்சியை நான் பார்க்கல. அவங்க அக்காகிட்ட சிரிச்சாருன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷம் கையைப் பார்த்தே வாழ்ந்துட்டேன், சரி. கட்டினவன் மூஞ்சியையாவது பார்த்திருக்கலாம் இல்லையா?"

பாகைமானி அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண்தானே. "நான் சொன்னதுதானேக்கா அது. நான்தானே நிமிரக்கூடாதுன்னு..."

"சீ, நீ என்ன பண்ணுவ? சொன்னதை ஒழுங்காச் செஞ்சது என் முதுகு. அழாதே. மை கலையுது பாரு."

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "உள்ள அவர் மட்டுமா இருந்தார்?"

"கட்டில் தள்ளுறவர் இருந்தார்."

"அப்ப அவர் பார்த்திருப்பார் இல்ல?"

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. துக்கம் என்பது ஒற்றைக்கண் மாடு. ஒரு பக்கத்து வேலிதான் தெரியும் அதற்கு.

மறுநாள் மத்தியானம் சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு, முறைப்படி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேலகீழ பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னை ஞாபகம் இருக்காங்க?"

"இல்லாம என்னம்மா. தினம் எத்தனையோ பேரை ஏத்தி எறக்குறேன். அழுவாங்க, கட்டிலைப் பிடிச்சு இழுப்பாங்க, என் சட்டையைக்கூடப் பிடிச்சிருக்காங்க. குனிஞ்சு நின்னு அனுப்பினவங்க நீங்க ஒருத்தர்தான். உட்காருங்க. ரொட்டி சாப்பிடுறீங்களா?"

"வேணாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் குனிஞ்சிருந்தப்ப... அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

மேலகீழ கையிலிருந்த பழத்தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"மூஞ்சியை நானும் பார்க்கலம்மா."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன். நீங்க குனிஞ்சீங்களா, அவர் உங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரெண்டு முழங்கையையும் ஊனி எந்திரிக்கப் பார்த்தார். ஒயரெல்லாம் கழண்டுரும், அட, படுங்க ஐயான்னேன். கேக்கல. எந்திரிச்சு, கஷ்டப்பட்டு எந்திரிச்சு, தலையைக் குனிஞ்சார். தாடை நெஞ்சுல இடிக்கிற அளவுக்கு. அப்படியே இருந்தார். எனக்கும் அவர் பின்னந்தலைதான் தெரிஞ்சுச்சு. கதவு மூடி, லிப்ட் ஒரு மாடி ஏறியும் நிமிரல. நான்தான், கதவு மூடியாச்சு ஐயான்னு தோளைத் தொட்டேன்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏதாவது சொன்னாரா?"

"'மூடிருச்சா?'ன்னு கேட்டார். ஆமான்னேன். அதுக்கப்புறம்தான் படுத்தார். வேற ஒண்ணும் சொல்லலம்மா."

படிக்கட்டு ஜன்னலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்பன் பெல்ட்டுக்குக் குனியாத தலை. பதினெட்டு வருஷம் ஓட்டை பஸ்ஸுக்குச் சம்மதித்ததே தவிர யாருக்கும் குனியாத தலை. இவள் தரையைப் பார்த்து நிற்க, அங்கே ஒரு கட்டில் நீளம் தள்ளி அதுவும் குனிந்தே இருந்திருக்கிறது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மூன்றரை மணிக்கு ஒரு ஸ்பிரிங் வியாபாரியை லிப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். குனிந்தாள். கதவு மூடிச் சத்தம் அடங்கி, அதற்கப்புறமும் ஒரு மூச்சு நேரம் குனிந்தே இருந்தாள். மூலையில் நின்ற பாகைமானி, பாகைமானியை எடுக்கவே இல்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். அவள் பெயர் அச்சடித்த அட்டைகளை மேலாளர் இரண்டு கையாலும் கொடுத்தார். பழைய விண்ணப்பத்தையும் கூடவே நீட்டினார். பொய்யான வரியைத் திருத்த வேண்டும், அது விதி. 'நலம்' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டுத் தேதியை எழுதினாள்.  எழுதி முடித்து, இந்தத் தடவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. படிக்கட்டில் மேலகீழயைப் பார்த்த அன்றே நாத்தனார் வந்தாள். தம்பி போன பிறகும் வழக்கம் விடவில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துவிட்டு, யாருக்கு வைக்கிறோம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு கெட்ட செய்தி இருக்கு. அதை முதல்ல சொல்லிடறேன்."

"இன்னும் என்னடி பாக்கி?"

"அவர் சிரிச்சாருன்னு சொன்னேனே, அது பொய். நான் பார்க்கவே இல்ல. குனிஞ்சுட்டேன்."

நாத்தனாரின் முகம் இறுகியது. இஸ்திரிப் பெட்டி வைத்த துணி மாதிரி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "ரெண்டு பேர்ல நீ ஒருத்திதான்டி அங்க இருந்த" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

அப்புறம் அவள் மற்றதைச் சொன்னாள். முழங்கை ஊனியதை, தாடை இடித்ததை, 'மூடிருச்சா' என்று கேட்டதை. நாத்தனார் எழுந்து இரட்டைக் கதவுக்குப் போனாள். தொங்கிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"குனிஞ்சானா? அவனா?"

"ஆமா அண்ணி."

"கூடப் பிறந்தவ சொல்லியே ஒரு நாள் குனியல அந்தப் பய. செருப்பு மாட்டக்கூடக் குனியமாட்டான், காலாலேயே தள்ளித் தள்ளி மாட்டுவான். உனக்குக் குனிஞ்சானா!" கயிற்றை முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். இவளும் அழுதாள்.  பிறகு பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, இரண்டு டம்ளரில் குடித்தார்கள். அந்த வீட்டில் உப்பு வெளியே வந்து ஐந்து மாசமாகியிருந்தது.

இருட்டுவதற்குள் நாத்தனார் கிளம்பினாள். இவள் வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தாள். குனிந்தாள்.

மாடிப்படிக்குக் கதவு ஏது? எப்போது நிமிர்வது என்று தெரியவில்லை. செருப்புச் சத்தம் முழுசாக அடங்கட்டும் என்று அப்படியே நின்றாள். சத்தம் ஒரு திருப்பம் இறங்கியது. நின்றது.

"ஏய்."

அவள் நிமிரவில்லை.

"ஏய், டிக்கெட்!" தம்பி மட்டுமே கூப்பிட்ட பெயர். நாத்தனார் வாயில் அதுவரை வந்ததில்லை. "ஆபீஸ்ல குனிஞ்சுக்கோ. அது சோறு போடுற இடம். இங்க நிமிர்டி. போறவளுக்கு உன் மூஞ்சி தெரிய வேணாமா?"

அவள் நிமிர்ந்தாள். கீழ்த் திருப்பத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றிருந்தாள் நாத்தனார். அழுது வீங்கிய முகம். இவளுக்கும் அதே முகம்தான். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு வருவீங்கல்ல அண்ணி?"

"வராம? பழம் வாங்கிட்டு வரேன். போ, உள்ள போ."

அவள் போகவில்லை. தலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிற ஒவ்வொருவரும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கிளம்பட்டும், பார்த்த முகத்துக்கே திரும்பி வரட்டும். உங்கள் உலையில் அரிசியும் உப்பும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வாசல் கதவு எப்போதும் யாரோ ஒருவர் வருவதற்காகவே திறக்கட்டும்.